ஒன்றாவது பையன் என்றால், இன்னொன்று?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரியில் உங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அவர்களுக்கு இரண்டு குழந்தைகள் என்று வாட்ச்மேன் சொன்னார். மறுநாள் லிஃப்டில் ஒரு பையனைப் பார்த்தீர்கள். விசாரித்தால் அந்த வீட்டுப் பையன்தான். அன்று இரவு சாப்பிடும்போது, இன்னொரு குழந்தையும் பையனாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று பேச்சு வந்தது. பாதிக்குப் பாதி என்றீர்கள் நீங்கள். மூன்றில் ஒன்று என்கிறார் உங்கள் மச்சான். மூன்று நாளாகியும் தீரவில்லை. கடைசி வரியில் "யார் சொல்வது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முந்தைய வரிதான் உங்களை உண்மையில் உறுத்துகிறது என்று நினைக்கிறேன்: "ஒரே வீடு, ஒரே பையன். இதற்கு எப்படி இரண்டு விடை வரும்? கணக்கும் அவரவர் அபிப்பிராயம்தானா?"

சென்னைக் கல்லூரிகளில் இருபத்தெட்டு ஆண்டுகள் புள்ளியியல் நடத்தியவன் நான். ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் வகுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அபிப்பிராயம் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறேன். நீங்கள் சொன்ன நிலைமைக்கு, ஒரு சின்ன நிபந்தனையோடு, உங்கள் விடைதான் சரி. உங்கள் மச்சான் போட்ட கணக்கிலும் பிழை இல்லை. அவர் வேறொரு கேள்விக்குச் சரியான விடை சொல்கிறார். அந்த வேறு கேள்வி எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இரண்டு குழந்தைகள் உள்ள 400 குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பையனோ பெண்ணோ பிறக்கச் சம வாய்ப்பு என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். மூத்தது, இளையது என்று வரிசைப்படுத்தினால் 100 குடும்பங்களில் பையன்-பையன், 100-ல் பையன்-பெண், 100-ல் பெண்-பையன், 100-ல் பெண்-பெண். மச்சான் சொல்வது இதுதான்: ஒரு பையன் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டதால் பெண்-பெண் குடும்பங்கள் 100-ஐயும் தள்ளிவிட வேண்டும். மிச்சம் 300. அதில் இரண்டும் பையன் 100. ஆகவே மூன்றில் ஒன்று. பார்க்க அப்பழுக்கில்லாத கணக்கு.

இப்போது அதே 400 குடும்பங்களை வேறு விதமாக எண்ணுவோம். அந்தப் பெற்றோரை எல்லாம் மெரினாவில் வரிசையாக நிறுத்தி, "உங்களுக்குப் பையன் இருக்கிறானா? இருந்தால் கை தூக்குங்கள்" என்றால் 300 ஜோடிகள் கை தூக்கும். "இரண்டும் பையனா?" என்றால் 100 கைகள் மட்டும் நிற்கும். மச்சானின் விடை. அப்புறம் பெற்றோரை அனுப்பிவிட்டுக் குழந்தைகளைக் கூப்பிடுங்கள். மொத்தம் 800 குழந்தைகள், அதில் பையன்கள் 400. பையன்களை மட்டும் நிறுத்தி, "உனக்கு அண்ணனோ தம்பியோ உண்டா?" என்று கேளுங்கள். பையன்-பையன் வீடுகளிலிருந்து வந்தவர்கள் 200 பேர், ஏனென்றால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இருவர் வருகிறார்கள். அவர்கள் கை தூக்குவார்கள். மற்ற 200 பேருக்கு அக்காவோ தங்கையோதான். 400-ல் 200, அதாவது பாதி. உங்கள் விடை.

பெற்றோரை எண்ணினால் மூன்றில் ஒன்று, பையன்களை எண்ணினால் பாதி. லிஃப்டில் நீங்கள் சந்தித்தது யாரை? பெற்றோரை அல்ல, ஒரு பையனை. இரண்டு பையன்கள் உள்ள வீட்டிலிருந்து ஒரு பையன் உங்கள் கண்ணில் பட வாய்ப்பு இரண்டு மடங்கு. மச்சானின் கணக்கு விட்டுவிட்டது அந்த இரண்டு மடங்கைத்தான்.

இதே விஷயம் நம் ஊர் பஸ்ஸிலும் நடக்கிறது. பத்து பஸ் போகிறது. ஐந்து பஸ்ஸில் தலா 90 பேர், மற்ற ஐந்தில் தலா 10 பேர் என்று வையுங்கள். டிப்போவில் கேட்டால் பாதி பஸ் காலியாகத்தான் போகிறது என்பார்கள். பயணிகளைக் கேட்டால் 500 பேரில் 450 பேர் "நிற்கக்கூட இடமில்லை" என்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் பஸ்ஸை எண்ணுகிறார், இன்னொருவர் பயணியை எண்ணுகிறார்.

சரி, நான் சொன்ன அந்த நிபந்தனைக்கு வருகிறேன். பையனும் பெண்ணும் உள்ள வீடுகள் 200 இருக்கின்றன அல்லவா? அந்த வீடுகளில் எத்தனையில் நீங்கள் லிஃப்டில் பையனைப் பார்த்திருப்பீர்கள், எத்தனையில் பெண்ணைப் பார்த்திருப்பீர்கள்? யார் கண்ணில் படுவதும் சமம் என்றால் 100 வீடுகளில் பையன். அதோடு பையன்-பையன் வீடுகள் 100, அங்கே எப்படியும் பையன்தான். ஆக 200-ல் 100, பாதி. ஆனால் சாயங்காலம் ஆனால் பையனைக் கிரிக்கெட் மட்டையோடு கீழே விட்டுவிட்டு, பெண்ணை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால்? அந்த 200 வீடுகளில் 150-ல் பையனைத்தான் பார்த்திருப்பீர்கள். அப்போது 250-ல் 100, அதாவது 40 சதவிகிதம். பெண் குழந்தை வெளியே தலையே காட்டாது என்றால் 300-ல் 100. மச்சானின் மூன்றில் ஒன்று வந்துவிடும். கடைக்குப் போவதும் பால் வாங்குவதும் எல்லாம் பெண்தான், பையன் வெளியே வந்தாலே அதிசயம் என்றால், 50 வீடுகளில் மட்டும் பையனைப் பார்ப்பீர்கள். 150-ல் 100, மூன்றில் இரண்டு! நீங்கள் இரண்டு பேரும் மூன்று நாளாகச் சண்டை போட்டது இந்த ஒரு எண்ணைப் பற்றித்தான். நீங்கள் மனசுக்குள் 100 என்று வைத்துக்கொண்டீர்கள், அவர் 200 என்று வைத்துக்கொண்டார். இரண்டு பேருமே அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இந்த எண்ணை எந்தத் தேற்றமும் தராது. அந்த வீட்டுப் பழக்கத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இந்தப் புதிர் பிரபலமானது 1959-ல், கணிதப் புதிர்களுக்குப் பேர்போன அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் சயின்டிபிக் அமெரிக்கன் இதழில் எழுதியபோது. அவர் இரண்டு கேள்விகள் போட்டார். ஜோன்ஸ் என்பவருக்கு இரண்டு குழந்தைகள், மூத்தது பெண். இரண்டும் பெண்ணாக இருக்க வாய்ப்பு என்ன? ஸ்மித் என்பவருக்கு இரண்டு குழந்தைகள், குறைந்தது ஒன்று பையன். இரண்டும் பையனாக இருக்க வாய்ப்பு என்ன? முதலாவதற்குப் பாதி என்றும் இரண்டாவதற்கு மூன்றில் ஒன்று என்றும் விடை கொடுத்தார். முதல் விடையில் யாருக்கும் தகராறு இல்லை. இரண்டாவதில் வாசகர்கள் ஆட்சேபித்தார்கள். "குறைந்தது ஒன்று பையன்" என்ற தகவல் எந்த வழியில் கிடைத்தது என்று சொல்லாததால் கேள்வியே தெளிவாக இல்லை என்று கார்ட்னரே பின்னால் ஒப்புக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர் அச்சில் அப்படி ஒப்புக்கொண்டது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

தமிழில் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது இன்னும் ஒரு சிக்கல் சேர்கிறது. இதை நான் வேறெங்கும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். "இரண்டு குழந்தைகளில் ஒன்றாவது பையன்" என்று எழுதிப் பாருங்கள். ஒன்றாவது என்றால் என்ன? "ஒரு வாய் காபியாவது குடித்துவிட்டுப் போ" என்கிறோமே, அந்த ஆவது என்றால், குறைந்தது ஒன்று. "ஒன்றாவது வகுப்பு" என்கிறோமே, அந்த ஆவது என்றால், முதலாவது. முதல் பொருளில் அது ஸ்மித்தின் கேள்வி, விடை மூன்றில் ஒன்று. இரண்டாம் பொருளில் மூத்தது பையன் என்றாகிவிடும், அது ஜோன்ஸின் கேள்வி, விடை பாதி. கார்ட்னர் தனித்தனியாக எழுதிய இரண்டு கேள்விகளும் தமிழில் ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. பேச்சுத் தமிழில் "ஒண்ணு பையன்" என்று மட்டும் சொன்னாலோ, கேட்பவர் "அப்போ இன்னொண்ணு பொண்ணா?" என்றுதான் கேட்பார், அங்கே விடை பூஜ்யம். வாட்ச்மேன் "ரெண்டு பசங்க" என்று சொல்லியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். சென்னையில் பசங்க என்றால் பையன்களும் உண்டு, பொதுவாகக் குழந்தைகளும் உண்டு. இந்தப் புதிரைத் தமிழில் கேட்பவர்கள் தயவுசெய்து "குறைந்தது ஒன்று" என்று எழுதுங்கள். அதன் பிறகும் தகவல் எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும்.

நானும் ஆரம்பத்தில் பல ஆண்டுகள் மூன்றில் ஒன்றுதான் விடை, பாதி என்பவர்கள் யோசிக்கவில்லை என்று பாடம் நடத்தியவன். ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சார், அவருக்குப் பையன் இருக்கான்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், பதில் இல்லை. அன்று வீட்டுக்குப் போய் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தச் சோதனையைத்தான் அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் செய்தேன். நீங்களும் மச்சானும் செய்து பாருங்கள், ஒரு மணி நேரம் போதும்.

அவர் இரண்டு நாணயங்களைச் சுண்டிக் கைக்குட்டையால் மூடிக்கொள்ளட்டும். முதல் சுற்றில் அவர் இரண்டையும் பார்த்துக்கொள்கிறார். நீங்கள் "பூ ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கிறீர்கள். இல்லை என்றால் அந்த ஆட்டத்தை விட்டுவிடுங்கள். இருக்கிறது என்றால் இரண்டும் பூவா என்று பார்த்துக் குறியுங்கள். 100 தடவை செய்தால் ஏறக்குறைய 75 தடவை "இருக்கிறது" என்று வரும், அதில் ஏறக்குறைய 25 தடவை இரண்டும் பூ. மூன்றில் ஒன்று. இரண்டாம் சுற்றில் அவர் எதையும் பார்க்காமல், கைக்குட்டைக்குள் கைவிட்டு ஏதோ ஒரு நாணயத்தை எடுத்துக் காட்டுகிறார். அது தலை என்றால் விட்டுவிடுங்கள். பூ என்றால் மற்றதையும் பாருங்கள். இப்போது ஏறக்குறைய 50 தடவை பூ வரும், அதில் ஏறக்குறைய 25 தடவை மற்றதும் பூ. பாதி. இரண்டு சுற்றிலும் அவர் உங்களிடம் சொல்கிற வாக்கியம் ஒன்றேதான்: "இதில் ஒன்று பூ." வாக்கியம் ஒன்று, அது வந்த வழி வேறு, விடையும் வேறு.

ருஷ்யக் கணித மேதை கோல்மோகரோவ் 1933-ல் நிகழ்தகவுக்கு ஒழுங்கான அடித்தளம் போட்டபோது முதலில் வைத்தது கூறுவெளியை. அதாவது என்னென்ன நடக்கலாம் என்ற முழுப் பட்டியல். நமக்கு எப்படித் தெரியவந்தது என்பதும் நடக்கிற விஷயங்களில் ஒன்றுதான். அதுவும் அந்தப் பட்டியலில் வந்தாக வேண்டும். மச்சானின் பட்டியலில் குழந்தைகள் மட்டும் இருக்கிறார்கள், லிஃப்ட் இல்லை. இந்த இடம் வரும்போதெல்லாம் இன்னொன்றையும் வகுப்பில் பெருமையோடு சொல்வேன்: சென்னையில் பிறந்து, கடற்கரையில் நிற்கிற நம் பிரசிடென்சி கல்லூரியில் படித்து, நிகழ்தகவியலுக்காக 2007-ல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஏபெல் பரிசு பெற்ற எஸ்.ஆர்.எஸ். வரதனின் முனைவர் பட்ட ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் இந்தக் கோல்மோகரோவும் ஒருவர்.

படித்தவர்கள் கூட ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் 1990-ல் நடந்தது இதைவிடப் பெரிய சண்டை. மூன்று கதவுகள், ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடு. நீங்கள் ஒரு கதவைத் தேர்ந்தெடுத்த பிறகு, நிகழ்ச்சி நடத்துபவர் வேறொரு கதவைத் திறந்து ஆட்டைக் காட்டி, மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார். மாற்றினால் மூன்றில் இரண்டு வாய்ப்பு என்று பரேட் இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதிவந்த மர்லின் வாஸ் சவான்ட் எழுதினார். சுமார் 10,000 கடிதங்கள் வந்தன. அவற்றில் ஏறக்குறைய ஆயிரம் முனைவர் பட்டம் பெற்றவர்கள் எழுதியவை, பெரும்பாலும் அவர் தவறு என்று. அவர் சொன்னது சரிதான், ஆனால் ஒன்று இருந்தால்: நடத்துபவருக்குக் கார் இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும், வேண்டுமென்றே ஆட்டுக் கதவைத் திறப்பவராக இருக்க வேண்டும். அவருக்கும் ஒன்றும் தெரியாது, ஏதோ ஒன்றைத் திறந்தார், தற்செயலாக ஆடு வந்தது என்றால் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பாதிதான். கண்ணுக்குத் தெரிவது அதே ஆடு. காட்டியவர் எப்படிக் காட்டினார் என்பதுதான் வேறு. நம் மனசு ஆட்டைப் பார்க்கிறது, கதவைத் திறந்த கையைப் பார்ப்பதில்லை.

மச்சான் அடுத்து இதே புதிரின் இன்னொரு வடிவமான "செவ்வாய்க்கிழமை பையன்" என்று ஆரம்பிக்கலாம், அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். செவ்வாய்க்கிழமை பிறந்த பையன் ஒருவனாவது இருக்கிற குடும்பங்களை மட்டும் எடுத்தால் மூன்றில் ஒன்று 27-ல் 13 ஆகிவிடும். கிழமைக்கும் இன்னொரு குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று தலை சுற்றும். நமக்குப் பழக்கமான நட்சத்திரத்தை வைத்துப் பார்த்தால் சுலபம். 27 நட்சத்திரங்களுக்கும் சம வாய்ப்பு என்று கொள்ளுங்கள். "ரோகிணியில் பிறந்த பையன் இருக்கிறானா?" என்று கேட்டு, ஆம் என்றவர்களை மட்டும் எடுத்தால், இரண்டும் பையனாக இருக்க வாய்ப்பு 107-ல் 53. கிட்டத்தட்ட பாதி. காரணம் இதுதான்: இரண்டு பையன்கள் உள்ள வீட்டுக்கு அந்தக் கேள்வியில் தேற இரண்டு சந்தர்ப்பம், ஒரு பையன் உள்ள வீட்டுக்கு ஒன்று. அடையாளம் நுணுக்கமாக நுணுக்கமாக, குடும்பத்தை விட்டுவிட்டு ஒரு குறிப்பிட்ட பையனைத் தொடுகிறோம். இங்கேயும் கேட்டுத் தேர்ந்தெடுத்தால்தான் இந்தக் கணக்கு. அப்பா தானாகவே ஏதோ ஒரு குழந்தையை நினைத்து, "என் பையன் ரோகிணி" என்றால் பழையபடி பாதிதான்.

இதுவரை சொன்ன கணக்குகள் உறுதியானவை. நிஜக் குடும்பங்களுக்கு வரும்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பையனும் பெண்ணும் சமமாகப் பிறப்பதில்லை. இயற்கையாக 100 பெண்களுக்குச் சுமார் 105 பையன்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 1000 பையன்களுக்கு 943 பெண்கள். இதை வைத்தால் மூன்றில் ஒன்று ஏறக்குறைய 35 சதவிகிதமாகும். சின்ன மாற்றம்தான். வாஸ் சவான்ட் பின்னொரு சமயம், இரண்டே குழந்தைகள், அதில் குறைந்தது ஒன்று பையன் என்ற வாசகிகளை எழுதச் சொன்னார். சுமார் 18,000 பதில்களில் ஏறக்குறைய 36 சதவிகிதம் இரண்டும் பையன். ஆனால் எழுதிப் போடுபவர்கள் மட்டும் எழுதிய கணக்கு அது என்பதால் அதன் மேல் அதிகம் சாய வேண்டாம்.

பெரிய மாற்றம் வேறொன்றால் வரும். "நாமிருவர் நமக்கு இருவர்" என்று சுவரெல்லாம் எழுதியிருந்தாலும், எல்லோரும் ஒரே மாதிரி இரண்டோடு நிறுத்துவதில்லை. முதல் குழந்தை பையன் என்றால் போதும் என்று நிறுத்துபவர்கள் உண்டு, பெண் என்பதற்காகவே இரண்டாவது பெற்றுக்கொள்பவர்களும் உண்டு. எல்லோரும் அப்படியே நடந்தால், இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் மூத்தது எப்போதும் பெண்ணாகத்தான் இருக்கும். பையனைப் பார்த்தவுடன் இன்னொன்று பெண் என்று அடித்துச் சொல்லிவிடலாம். உண்மை நிலவரம் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில். கருவில் பாலினம் பார்ப்பதை 1994 சட்டம் தடை செய்தும் அது நடக்கிற இடங்களில், இரண்டாவது குழந்தையின் கணக்கு முதல் குழந்தையைப் பொறுத்தே மாறிவிடும். இதையெல்லாம் 400 குடும்பங்களைச் சமமாகப் பிரித்த என் கணக்கு பிடிக்காது. உங்கள் மூன்றாவது மாடிக்கு ஒரு தசமப் புள்ளி வரைக்கும் விடை சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்று இரவு மச்சானிடம் பாதியா மூன்றில் ஒன்றா என்று ஆரம்பிக்காதீர்கள். இதை மட்டும் கேளுங்கள்: "மூணாவது மாடியில ஒரு பையனும் ஒரு பொண்ணும் இருந்திருந்தா, அன்னைக்கு லிஃப்டுல நான் யாரைப் பார்த்திருப்பேன்?"